முதல்வர் நாற்காலியும் பொன்விலங்கும்

இன்றைய வெம்பக்கோட்டை வட்டத்தைச் சார்ந்த நதிக்குடியில் 1932இல் பிறந்தவர் நா. பார்த்தசாரதி. 1960களில் ‘கல்கி’யில் தொடராக வெளிவந்த அவருடைய ‘பொன்விலங்கு’ பெரிதும் காதல் நவீனமாகவே வாசிக்கப்பட்டது. கல்லூரி நிர்வாகம் பற்றிய படைப்பாகவும் அதனை வாசித்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

தொழிலிலும் வணிகத்திலும் ஈட்டிய செல்வம் உயர்கல்விக்குத் திரும்பிய காலம் அது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலால் வளர்ந்த சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இல் தோன்றியது. நம் சமுதாயத்தில் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும், தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் சென்னை நியூ கல்லூரியும் 1951இலேயே எழுந்துவிட்டன. கொடையாளர் கட்டிய கல்லூரி அவருக்குப் பின் யார் பொறுப்பில் நிற்கும்? அன்று எல்லாச் சமூகங்களின் முன்னும் இருந்த வினா இது.

மல்லிகைப் பந்தல் கல்லூரிக்கு விரிவுரையாளனாக வரும் சத்தியமூர்த்தி நேர்மையின் வடிவம். அதிபர் பூபதி தகுதியறிந்து மதிப்பவர். அவர் விமான விபத்தில் மறைந்ததும் நிர்வாகம் வேறு கைகளுக்கு மாறுகிறது. கல்லூரியின் இயல்பும் மாறிவிடுகிறது. இங்கேதான் நாவலின் வலிமையும் குறையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. ஒருவரின் நற்குணத்தை மட்டுமே தூணாகக் கொண்ட நிறுவனம் அவரோடு சரியும் என்பதைக் கதை காட்டுகிறது. ஆசிரியரோ அதனை நல்லவர் தீயவர் போராட்டமாகவே முடித்துவிடுகிறார். முதல்வர் ஏன் நிர்வாகத்துக்குப் பணிந்து போகிறார், அவரைத் தாங்கும் விதி ஏன் இல்லை என்று அவர் வினவவில்லை. குற்றமற்ற நாயகன்மீது பெய்த ஒளி முதல்வர் அறைக்குள் விழவே இல்லை.

வக்ஃபு மரபை அறிந்த நமக்கு இக்குறை எளிதில் புலப்படும். வாகிஃபின் நிபந்தனை அவருடைய ஆயுளோடு முடிவதன்று. முத்தவல்லி அதற்குக் கட்டுப்பட்ட காவலரேயன்றி உடைமையாளர் அல்லர். அமானத் என்பது தனிமனித நற்குணத்தை முறைமையாக்கும் ஏற்பாடு. அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினர்க்கு வழங்கும் நிர்வாக உரிமை, சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையை உள்ளடக்காது என்று உச்சநீதிமன்றம் 1958இலேயே தெளிவுபடுத்தியதும் இவ்வுணர்வோடு ஒத்ததே.

ஆயினும் மரபை அறிந்திருப்பது வேறு, ஒழுகுவது வேறு. முதல்வர் பணிக்குப் பதினைந்து ஆண்டு அனுபவமும் பத்து ஆய்வு வெளியீடுகளும் வேண்டும் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், பதவிக்காலம் ஐந்தாண்டு. தகுதியை விதி அளந்துவிடும். ஆனால் சேர்க்கையிலும் நியமனத்திலும் ‘இயலாது’ என்று செயலரிடம் சொல்லும் உரிமையை முதல்வருக்கு அளிக்க வேண்டியவர்கள் நிர்வாகத்தாரே. அவ்வுரிமையற்ற நாற்காலி எவ்வளவு உயர்ந்ததாயினும் பொன்விலங்குதான். தம் மக்களை அந்நாற்காலிக்கு ஆயத்தம் செய்யும் பெற்றோரைவிட, நிர்வாகக் குழுவில் அமர்ந்திருப்போர் இந்நாவலை ஒருமுறை படிப்பது பயன் தரும்.