சொந்தக்காரன் எந்த நாட்டான் என்று கேட்டால் போதுமா?

கடந்த றமழானில் ஒரு நாள், தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று கதைத்துக் கொண்டிருந்தோம். முன்பு என்னிடம் படித்த தம்பி ஒருவர் கிட்ட வந்து, "சேர், நான் டிக்டொக்க அழிச்சிட்டன். சீனாக்காரன் நம்மட எல்லாத்தையும் பார்க்கிறானாம். நாட்டுக்கே ஆபத்தாம்" என்றார். நல்லது தம்பி என்றேன். பேசிக் கொண்டே போனை எடுத்து ஸஹர் முடியும் நேரத்தைப் பார்த்தார். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் செயலி ஒன்று அது. "இது நம்மட ஆக்கள்ட அப் தானே சேர், இதுல பயமில்ல" என்றும் சொல்லி வைத்தார்.

அந்தத் தம்பியின் இரண்டு பேச்சும் என் மனதில் நின்று விட்டன. ஒன்று, அந்நியனுடைய செயலி ஆபத்து என்பது. மற்றது, நம்மவருடைய செயலியில் பயமில்லை என்பது. சமூக ஊடகங்களும் தேசிய பாதுகாப்பும் பற்றி உலகில் இன்று நடக்கும் விவாதத்தின் பெரும் பகுதி இந்த இரண்டுக்குள்ளேயே சுற்றிக் கொண்டிருக்கிறது. இரண்டையும் சற்று உரசிப் பார்ப்பது அவசியம்.

முதலாவது பேச்சு வெறும் பீதியல்ல. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். டிக்டொக்கின் தாய்க் கொம்பனியான பைட்டான்ஸ் பெய்ஜிங்கில் தலைமையகம் கொண்டது. சீனாவின் 2017 ஆம் ஆண்டின் தேசிய உளவுச் சட்டம், அரசின் உளவுப் பணிக்கு நிறுவனங்களும் பிரஜைகளும் ஒத்துழைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. கொம்பனியைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர்களுக்குத் தகவல் கொடுத்தவர் யார் என்று கண்டுபிடிப்பதற்காக, அந்தப் பத்திரிகையாளர்களின் டிக்டொக் தரவுகளைத் தன் ஊழியர்கள் எடுத்துப் பார்த்ததை 2022 டிசம்பரில் பைட்டான்ஸே ஒப்புக்கொண்டது. ஐரோப்பியப் பாவனையாளர்களின் தரவு சீனாவிலுள்ள சேவையகங்களில் வைக்கப்படுவதில்லை என்று அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழுவிடம் சொல்லி வந்த டிக்டொக், விசாரணையின் கடைசிக் கட்டத்தில் ஓரளவு தரவு அங்கே இருந்ததாகச் சொன்னது. 2025 மே மாதம் 530 மில்லியன் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. ஆக, தம்பியின் பயத்துக்கு ஆதாரம் உண்டு.

இனி இரண்டாவது பேச்சு. 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற இணைய சஞ்சிகை ஒரு புலனாய்வு அறிக்கையை வெளியிட்டது. உலகெங்கும் ஒன்பது கோடிக்கும் அதிகமான தடவைகள் தரவிறக்கப்பட்ட முஸ்லிம் புரோ என்ற தொழுகை நேரச் செயலி, பாவனையாளர்கள் இருக்கும் இடத்தின் விபரத்தை எக்ஸ்-மோட் என்ற அமெரிக்கத் தரவு வியாபாரிக்கு அனுப்பிக் கொண்டிருந்தது. எக்ஸ்-மோட் அதை விற்ற இடங்களில் அமெரிக்கப் பாதுகாப்புத்துறை ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். அந்தச் செயலியை உருவாக்கிய கொம்பனி சிங்கப்பூரைச் சேர்ந்தது. சீனாவுமில்லை, அமெரிக்காவுமில்லை. செய்தி வெளியானதும் எக்ஸ்-மோடுடனான தொடர்பை முறித்துக் கொண்டதாக அக்கொம்பனி அறிவித்தது. அதற்குள் போனது போனதுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக் கொள்ள வேண்டும், ஏனென்றால் விசயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தரவு வியாபாரி ஒரு சிறிய மென்பொருள் துண்டைச் செயலி செய்பவரிடம் கொடுத்து, "இதை உங்கள் செயலிக்குள் வைத்து விடுங்கள், காசு தருகிறோம்" என்பான். நாம் கிப்லா பார்க்க இடவிபரத்துக்கு அனுமதி கொடுத்தால், அந்த அனுமதியின் முதுகில் ஏறி அந்தத் துண்டும் நமது இருப்பிடத்தைத் தன் எசமானுக்கு அனுப்பும். அதில் பெயர் இல்லையே, ஓர் இலக்கம் மட்டும்தானே என்பார்கள். ஒவ்வொரு இரவும் அந்த இலக்கம் எந்த வீட்டில் தூங்குகிறது, ஜும்ஆவுக்கு எந்தப் பள்ளிக்குப் போகிறது, பகலில் எந்தக் கந்தோரில் இருக்கிறது என்று தெரிந்த பின் பெயர் எதற்கு? ஊர்க் கடையில் விசாரித்தால் பெயர் வந்து விடும்.

எக்ஸ்-மோடுக்கு எதிராக அமெரிக்காவின் பெடரல் வர்த்தக ஆணைக்குழு 2024 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. வைத்தியசாலைகள், வணக்கத்தலங்கள் போன்ற இடங்களுக்குப் போய் வருவோரை அடையாளம் காட்டக்கூடிய தரவை விற்றது குற்றச்சாட்டின் சாரம். வணக்கத்தலத்துக்குப் போவது ஒரு விற்பனைப் பண்டமாகி விட்டதை ஒரு வர்த்தக ஆணைக்குழு சொல்லித்தான் நாம் அறிய வேண்டியிருந்தது.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்றைய விவாதத்தின் பலவீனம் தெரிகிறது. அமெரிக்கா 2024 ஏப்ரலில் சட்டம் கொண்டு வந்து, டிக்டொக்கைச் சீனக் கையிலிருந்து விற்று விடு, இல்லாவிட்டால் மூடு என்றது. 2025 ஜனவரி 17 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏகமனதாக அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. தீர்ப்பு பிரதானமாகச் சாய்ந்து நின்றது, 17 கோடி அமெரிக்கப் பாவனையாளர்களின் தரவு எதிரி நாட்டின் கைக்குப் போகலாம் என்ற நியாயத்தின் மீது. நியாயம் சரி. ஆனால் அதே அமெரிக்காவில், நாடு முழுவதுக்கும் பொதுவான, முழுமையான தனியுரிமைச் சட்டம் ஒன்று இல்லை. டிக்டொக் சட்டத்தோடு சேர்த்து நிறைவேற்றப்பட்ட இன்னொரு சட்டம், தரவு வியாபாரிகள் அமெரிக்கர்களின் நுண்ணிய தரவை எதிரி நாடுகளுக்கு விற்கக்கூடாது என்றது. விற்பனையை அது நிறுத்தவில்லை. வாங்குபவன் யார் என்பதை மட்டும் பார்த்தது. களவுப் பொருளை அடுத்த ஊரானுக்கு விற்காதே என்று சொல்வது போல.

இந்தியாவின் அனுபவம் இன்னும் தெளிவானது. கல்வான் மோதலை அடுத்து 2020 ஜூன் 29 இல் டிக்டொக் உட்பட 59 செயலிகளை இந்தியா தடை செய்தது. நாட்டின் இறைமையும் பாதுகாப்பும் காரணமாகச் சொல்லப்பட்டன. ஒரு கிழமை கழிந்ததும் இன்ஸ்டகிராம் தன் ரீல்ஸை இந்தியாவில் திறந்தது. செப்டெம்பரில் யூடியூப் ஷோர்ட்ஸ் வந்தது. ஆடியவர்கள் அங்கே போய் ஆடினார்கள். தரவு கிழக்கே போவது நின்று மேற்கே போகத் தொடங்கியது. இந்தியப் பிரஜையின் தனியுரிமை என்ற கணக்கில் மிச்சமானது என்ன என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

மேற்கே போனால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விசயங்கள். அமெரிக்காவின் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702 ஆம் பிரிவு, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் அமெரிக்கரல்லாதவர்களைத்தான் இலக்காகக் கொண்டது. பெரிய இணையக் கொம்பனிகளிடமிருந்து தரவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை 2013 இல் எட்வர்ட் ஸ்நோடன் வெளிக்கொண்டு வந்தார். ஐரோப்பியரின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக மெட்டாவுக்கு 2023 மே மாதம் விதிக்கப்பட்ட தண்டம் 1.2 பில்லியன் யூரோ. டிக்டொக்குக்கு விதித்ததை விட இரண்டு மடங்குக்கும் மேல். விதித்தது அதே அயர்லாந்து ஆணைக்குழுதான்.

இனி நம்மட நாட்டுக்கு வருவோம். இலங்கையரான நமக்கு எல்லாச் செயலியும் அந்நியனுடையதுதான். பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் அமெரிக்காவினுடையவை. டிக்டொக் சீனாவில் பிறந்தது. வைபர் ஜப்பானியக் கொம்பனி ஒன்றுக்குச் சொந்தம். "அந்நியனுடையது என்றால் ஆபத்து" என்ற அளவுகோல் நமது கையில் வந்தவுடன் பயனற்றுப் போகிறது, ஏனென்றால் அளப்பதற்கு மறுபக்கத்தில் ஒன்றுமில்லை.

நமது சமூகம் இந்த ஆபத்தைப் புத்தகத்தில் படிக்கவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாக ஒரு கட்டுக்கதை. கடைக்காரரை நெருக்கிப் பிடித்து எடுத்த வீடியோ பேஸ்புக்கில் ஓடியது. அடுத்த மாதம் திகன, தெல்தெனிய. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. முஸ்லிம்களைக் கொல்லச் சொல்லிச் சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. தனது தளம் அந்த வன்முறையில் பயன்பட்டதற்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம் பிந்தி. அங்கே நமக்குத் தீங்கு வந்தது எதனால்? கொம்பனி அமெரிக்காவில் இருந்ததாலா? சிங்களம் தெரிந்த போதிய ஆட்களைச் சம்பளத்துக்கு வைக்காமல் இந்தச் சந்தையில் வியாபாரம் செய்ததாலும், அப்படிச் செய்யாதே என்று சொல்ல நம்மிடம் சட்டம் இல்லாததாலும்தான்.

அரசு செய்தது என்ன? 2018 மார்ச்சில் சமூக ஊடகங்களை முடக்கியது. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு மீண்டும் முடக்கியது. மே மாதம் வடமேல் மாகாணத்தில் நம்மட கடைகள் தாக்கப்பட்டபோது மறுபடியும். பெயர் தேசிய பாதுகாப்பு. கலகக்காரன் விபிஎன் போட்டுக் கொண்டான். பிள்ளை எங்கே என்று தேடிய உம்மாமாரின் வட்ஸ்அப்தான் செத்துக் கிடந்தது.

"அப்ப நம்மட நாட்டுக்குச் சொந்தமா ஒரு அப் செஞ்சா சரி தானே?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 2020 ஏப்ரலில், ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர், வெறுப்புப் பிரசாரத்துக்குப் பேனாவாலும் விசைப்பலகையாலும் பதில் கொடுங்கள் என்ற கருத்தில் பேஸ்புக்கில் எழுதினார். அதில் சிந்தனை ஜிஹாத் என்ற சொல் இருந்தது. ஐசிசிபிஆர் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டு ஐந்து மாதம் தடுத்து வைக்கப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 இல். இத்தகைய சட்டங்கள் இருக்கும் நாட்டில் சிறுபான்மையான ஒரு சமூகத்துக்கு, தரவு உள்நாட்டிலே இருக்கிறது என்பது தன்னளவில் நிம்மதி தரும் செய்தியல்ல.

இதைச் சொல்லும்போது நமது சட்டப் புத்தகத்திலுள்ள ஒரு விசித்திரத்தைக் காட்டாமல் விட முடியாது. தனிநபர் தரவைப் பாதுகாக்கும் சட்டம் 2022 இன் 9 ஆம் இலக்கச் சட்டம். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 இன் 9 ஆம் இலக்கச் சட்டம். இரண்டும் ஒன்பதுதான். முதலாவது, நம்மைப் பற்றிய தகவலைக் கொம்பனிகளும் அரச நிறுவனங்களும் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்கிறது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பின்போடப்பட்டன. இரண்டாவது, நாம் என்ன பேசலாம், பேசக்கூடாது என்று சொல்கிறது. 2024 ஜனவரி 24 இல் நிறைவேறி, பெப்ரவரி 1 இல் நடைமுறைக்கு வந்து விட்டது. பிரஜையைக் காக்கும் ஒன்பது வருடக்கணக்காகக் காத்திருக்க, பிரஜையைக் கட்டும் ஒன்பது ஒரு கிழமையில் ஓடி வந்தது. எந்த நாட்டுச் செயலி என்ற கேள்வியிலேயே நாம் மூழ்கிக் கிடந்தால், இதைக் கேட்க ஆளில்லாமல் போகும்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தச் செயலி என்ன சேகரிக்கிறது? அதன் வேலைக்கு அது தேவையா? யாருக்குக் கொடுக்கிறது? மறுத்தால் தண்டிக்க யார் இருக்கிறார்? இந்த நான்கும் பெய்ஜிங்குக்கும் கலிபோர்னியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் பொருந்தும். நம்மட ஊர் நிருவாக சபைகளுக்கும் பொருந்தும்.

ஆம், அங்கேயும்தான். ஸகாத் பெறுவோரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், கடன் விபரம் எல்லாம் போட்ட பட்டியல் வட்ஸ்அப் குழுவில் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். உலர் உணவுப் பொதியோடு ஒரு விதவைப் பெண்ணை நிறுத்திப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தை எந்தச் சீனாக்காரனும் களவெடுக்கவில்லை. நாமே கொண்டு போய்க் கொடுத்தோம். அமானிதம் என்ற சொல்லைப் பணத்துக்கு மட்டும் வைத்துக் கொண்டோம். ஒருவரின் வறுமையைப் பற்றிய தகவலும் அமானிதம் என்பது நினைவுக்கு வரவில்லை.

அன்றைக்கு அந்தத் தம்பியிடம் போனை வாங்கி, தொழுகைச் செயலிக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறார் என்று இருவருமாகப் பார்த்தோம். இடவிபரம்: எப்போதும். தொழுகை நேரத்துக்கு ஊரின் பெயரைத் தெரிவு செய்தாலே போதும். கிப்லாவுக்குத் தேவையென்றால் அந்த நேரம் மட்டும் திறக்கலாம். மாற்றி விட்டார். பிறகு சற்று யோசித்து, "சேர், நம்மட மஹல்லா குழுவில போன கிழமை ஒரு ஸகாத் லிஸ்ட் வந்திச்சே, அத என்ன செய்யிற?" என்று கேட்டார்.

நிருவாகத் தலைவர் இன்னும் உள்ளேதான் இருந்தார். இருவரும் திரும்பப் பள்ளிக்குள் போனோம்.