எழுவாய் இல்லாத அநாமதேயம்

மின் ரூபாய் பற்றி ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரில் வெளியிட்ட கருத்துக் குறிப்பில் ஒரு சொற்சேர்க்கை வருகிறது. தமிழில் சொன்னால், 'நிர்வகிக்கப்பட்ட அநாமதேயம்'. சிறு தொகை என்றால் ஆள் தெரியாது. பெருந்தொகை என்றால் தடம் பிடிக்கலாம். தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு எழுவாயைத் தேடும் பழக்கம் உண்டு. நிர்வகிப்பது யார்? சிறுசு, பெருசு என்று கோடு கிழிப்பது யார்? செயப்பாட்டுவினைக்குள் அதிகாரம் ஒளிந்துகொள்கிறது.

இதற்கெல்லாம் பேர் வைக்கத் தெரியாதவர்கள் அல்ல நம் ஜனங்கள். தொட்டியம் பக்கம் கோயில் உண்டியலில் காசு போட்டால் போட்டவர் யாரென்று கணக்கில் இருக்காது. கல்யாணத்தில் மொய் எழுதினால் பேர், ஊர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும். சில இடங்களில் மைக்கிலும். யார் பார்ப்பார்கள் என்பது சொல்லிலேயே இருக்கு. வாழைத்தார் சுமக்கிறவர் கையில் வாங்குகிற ரொக்கக் கூலி உண்டியல் ஜாதி. செல்போனுக்கு வருகிற கூலி மொய் ஜாதி. ஆனால் மொய் நோட்டு கல்யாண வீட்டில் இல்லை, வேறெங்கோ இருக்கு.

'அந்தரங்கம்' என்று மாற்றலாமா என்றால் அதுவும் சரிப்படாது. ஏதோ தப்பு நடக்கிற வாடை அதில் அடிக்கும். 2017இல் உச்சநீதிமன்றம் அடிப்படை உரிமை என்று சொன்ன ஒன்றுக்கு அந்தப் பேரா? வங்கி பார்க்கும் என்றால் பொத்தானில் 'வங்கி பார்க்கும்' என்றே எழுதட்டும். எத்தனை ரூபாய்க்கு மேல் என்பதையும்.