'விவாகரத்து' என்னும் சொல்: மலேசிய மணமுறிவுச் சட்டத்தின் நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியாவில் முசுலிம் அல்லாதோரின் திருமணமும் மணமுறிவும் 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணமுறிவு) சட்டத்தால் நெறிப்படுத்தப்படுகின்றன. இச்சட்டம் 1982 மார்ச்சு 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதனைத் தமிழில் எடுத்துரைக்கும்போது நாம் கையாளும் சொற்கள் அதன் கருத்தைச் சரிவர உணர்த்துகின்றனவா என்பதை 'ரத்து', 'வழக்கு', 'தீர்ப்பு' ஆகிய மூன்று சொற்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ரத்தும் முறிவும்

அரபு மூலமுடைய 'ரத்து', ஒன்றைச் செல்லாததாக்குவதைக் குறிக்கும். சட்டத்தின் 8ஆம் பிரிவோ, திருமணம் முடிவுறும் வழிகளை மூன்றாகப் பகுக்கிறது: துணைவரின் இறப்பு, நீதிமன்றத்தின் மணமுறிவு ஆணை, திருமணம் செல்லாது என்னும் தீர்ப்பு. நாம் 'விவாகரத்து' என்று சுட்டுவது இரண்டாவதை. அச்சொல்லின் நேர்ப்பொருளோ மூன்றாவதற்கே பொருந்துகிறது. மணமுறிவில் நடந்த திருமணம் நடவாததாக ஆவதில்லை. செல்லத்தக்க திருமணம் ஒன்று முடிவுக்கு வருகிறது. அதனால் விளைந்த பொறுப்புகள் அதனோடு மறைந்துவிடுவதுமில்லை.

'தீர்த்துவிடுதல்', 'அறுத்துக்கட்டுதல்' என்னும் பழைய வழக்குகளும் இங்குக் கருதத்தக்கவை. தமிழ்ச் சமூகங்கள் சிலவற்றில் மணமுறிவுக்கும் மறுமணத்திற்கும் இடமிருந்ததை இவை காட்டுகின்றன. ஆயினும், 8ஆம் பிரிவுக்கு உட்பட்ட திருமணத்தைத் தாலியைக் கழற்றிக் கொடுத்தோ, பெரியோர் முன்னிலையில் கையொப்பமிட்டோ முடித்துக்கொள்ள இயலாது. அவ்வாறு பிரிந்தவர் செய்துகொள்ளும் மறுமணம் செல்லாது.

வழக்கு

தமிழ் இலக்கிய மரபில் நீதிமன்றம் என்றதும் நினைவுக்கு வருவது சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. அங்கு ஒரே சான்றால் உண்மை வெளிப்படுகிறது. தவறிழைத்தவர் யாரென்பது ஐயமற உறுதியாகிறது. மணமுறிவு கோருவோர் பலரும் இத்தகைய நீதியையே எதிர்பார்க்கின்றனர். ஆனால் சட்டம் கேட்கும் முதன்மை வினா வேறு: திருமணம் மீட்க இயலாதவாறு முறிந்துவிட்டதா? பிறன்மனை உறவு, உடன்வாழ இயலாத நடத்தை, ஈராண்டுக் கைவிடல், ஈராண்டுப் பிரிவு ஆகியவை அம்முறிவைக் காட்டும் சூழல்களாகவே கருதப்படுகின்றன. குற்றம் முற்றாக விலக்கப்படவும் இல்லை. துணைவருக்கான பராமரிப்புத் தொகையை உறுதிசெய்கையில், முறிவுக்கு யார் எந்த அளவு பொறுப்பு என்பதையும் நீதிமன்றம் கருதுகிறது.

நடைமுறையும் இதற்கேற்பவே அமைந்துள்ளது. இருவரும் மனமொப்பினால், திருமணமாகி ஈராண்டுகள் கடந்தபின் கூட்டு மனு அளிக்கலாம். ஒருவர் மட்டும் மனுச் செய்வதாயின், பொதுவாக முதலில் சமரசக் குழுவை நாட வேண்டும். முயற்சி பயனளிக்கவில்லை என்னும் சான்றிதழ் பெற்ற பின்னரே நீதிமன்றம் செல்லலாம். கைவிட்டுச் சென்ற துணைவரின் இருப்பிடம் தெரியாத நிலை போன்றவற்றிற்கு விலக்கு உண்டு. கைவிடப்பட்ட பெண் இவ்விலக்கை அறியாதிருப்பின் ஆண்டுகள் வீணாகும்.

தீர்ப்பு

'தீர்ப்பு' என்றால் அனைத்தும் தீர்ந்தது என்று பொருள்கொள்கிறோம். மணமுறிவிலோ தீர்ப்பு இருநிலையினது. முதலில் வழங்கப்படுவது 'டிகிரி நைசை' எனப்படும் இடைநிலை ஆணை. நீதிமன்றம் காலத்தைக் குறைத்தாலன்றி, மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது முழுமை பெறும். அதுவரை இருவரும் சட்டப்படி கணவன் மனைவியரே.

முடிவுரை

'விவாகரத்து' பெருவழக்காகிவிட்ட சொல். அதனை அகற்றுவது எளிதன்று. எனினும் பாடநூலிலும் மொழிபெயர்ப்பிலும் 'மணமுறிவு' என்பதையே கொள்ளுதல் தகும். சட்டத்தின் மையக் கருத்தான 'முறிவு' அச்சொல்லிலேயே உள்ளது. செல்லாத் திருமணத்தைக் குறிக்க 'ரத்து' என்பதை ஒதுக்கிவைக்கலாம். சொல்லைத் திருத்துவதால் மட்டும் எவர் துயரும் தீராது. ஆனால் எதை மெய்ப்பிக்க வேண்டும், யாரை முதலில் நாட வேண்டும், எந்நாளில் விடுபட்டோம் என்பனவற்றைத் தம் மொழியில் தெளிவாக அறிந்தவர் ஏமாற்றப்படுவது அரிது. அத்தெளிவைத் தருவது தமிழாசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகிய இருவரின் கடமையாகும்.