வடைக்குத் தொண்ணூறு, பப்பாளிக்கு ஐம்பத்திரண்டு

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்று உண்டாக்கப்பட்டு, அவர்களில் எத்தனையோ பேரை நடுநிசியில் அபாயத்திலிருந்து எழுப்பிக் காப்பாற்றியிருக்கும் ஒரு யந்திரம், வியாதி ஏதுமில்லாதவர்களின் புஜத்திலும் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவர்கள் வாயில் போடும் ஒவ்வொரு கவளத்துக்கும் மதிப்பெண் வழங்கும் காலம் வந்திருக்கிறது. தம் சரீரத்தைத் தாமே சோதனைச்சாலையாக்கி, தூக்கம், நாடித் துடிப்பு, நடை, சுவாசம் யாவற்றையும் அளந்து அளந்து திருத்திவிடலாம் என்று நம்புகிறவர்களின் இந்தப் புதிய மார்க்கத்துக்கு பயோஹாக்கிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கைக்கடிகாரமும் மோதிரமும் அதில் பழைய சமாசாரங்களாகிவிட்டன. கண்டினியூவஸ் க்ளுக்கோஸ் மானிட்டர், சுருக்கமாக சி.ஜி.எம்., என்று டாக்டர்கள் வாயில் புரளும் இந்த ஒட்டுவட்டுத்தான் இப்போதைய மோஸ்தர். அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. 2024 மார்ச்சில், டாக்டர் சீட்டு இல்லாமலே இன்சுலின் போட்டுக்கொள்ளாத வயதுவந்தவர் எவரும் வாங்கிக்கொள்ளலாம் என்று முதன்முறையாக ஒரு சி.ஜி.எம்.முக்கு அனுமதி கொடுத்தபின் இந்த மோஸ்தருக்கு ஒரு கௌரவமும் சேர்ந்துவிட்டது.

நான் அதை வாங்கியது மோஸ்தருக்காக அல்ல. என் தகப்பனாருக்குச் சர்க்கரை இருந்தது. எனக்கு மூன்று மாதச் சராசரி எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஐ.சி.எம்.ஆரும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்த தேசத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10.1 கோடி, அந்த வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி, இரண்டாவது கூட்டத்தில் நானும் ஒருவன் என்கிற முறையில், வாசற்படிக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில், சில வாரங்களாக அதை அணிந்துவருகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். இந்த மதிப்பெண் விஷயத்தில் நான் பார்த்தவரை எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

யந்திரத்தின் லட்சணங்களை விஸ்தரிப்பது அநாவசியம். விளம்பரங்கள் அந்த வேலையைச் செவ்வனே செய்துவிடுகின்றன. நாணய அளவில் ஒரு வெள்ளை வட்டு. அதன் அடியில் தலைமயிர் போன்ற ஓர் இழை. புஜத்தின் பின்புறத்தில் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று ஒரு சப்தம், கொசுக்கடி அளவு வேதனை, அவ்வளவுதான். பதினான்கு நாட்கள் அது அங்கேயே குடியிருக்கும். குளிக்கலாம், துவட்டும்போதுதான் துண்டு அதில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இழையின் நுனியில் இருக்கும் நொதி க்ளுக்கோஸைச் சந்தித்ததும் எழுகிற மின்னோட்டத்தை அளப்பதுதான் அதன் சூட்சுமம். லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் 1962-இல் வகுத்துக் கொடுத்த வழி. அது அளப்பது ரத்தத்தை அன்று, தோலுக்கடியில் உயிரணுக்களின் நடுவே ஊறிநிற்கும் திரவத்தை. ஆகையால் ரத்தத்தில் நடப்பது அதற்குத் தெரிய ஐந்து பத்து நிமிஷம் தாமதமாகும். முதல் நாள் சற்று உளறும். மறுநாள் முதல் விரலில் குத்திப் பார்க்கும் கருவிக்கும் அதற்கும் பத்துப் பதினைந்துக்குமேல் வித்தியாசம் காணவில்லை. அளக்கிற காரியத்தில் அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகிறவற்றைப் படித்துவிட்டு நான் அதற்கு விரோதி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

உண்மையில், மொபைல் திரையில் அந்தக் கோடு ஏறி இறங்குவதைப் பார்ப்பதில் ஓர் அலாதியான சந்தோஷம் இருக்கிறது. இத்தனை வருஷமாக உண்டபின் கண்ணைச் சுழற்றும் அந்த மத்தியான மயக்கத்தை வெயிலின்மேலும் வயதின்மேலும் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு, கோடு செங்குத்தாக ஏறி அதே வேகத்தில் சரிகிற தருணமும் கொட்டாவி வருகிற தருணமும் ஒன்றாகவே இருப்பதைப் பிரத்தியட்சமாகக் காண்பது சாமானிய விஷயமா? இரவுச் சாப்பாட்டுக்குப்பின் தெருக்கோடிவரை இரண்டு நடை போய்வந்தால் கோடு மலையாக வேண்டியது மேடாகிவிடுகிறது. தசைகள் சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன என்று எந்த டாக்டரும் சொல்வார், ஆனால் சொல்லிக் கேட்பது வேறு, பார்ப்பது வேறு. பொரியலையும் பருப்பையும் முதலில் தின்று சோற்றைக் கடைசியில் தொட்டால் அதே சோறு சாதுவாகிவிடுகிறது. இதைவிட ஆச்சரியம், என் மனைவியும் ஒரு வட்டை ஒட்டிக்கொண்டபோது தெரியவந்தது: எனக்குச் சோற்றைவிட ரவை உப்புமாவுக்குச் சர்க்கரை அதிகம் ஏறுகிறது, அவளுக்கோ நேர்மாறு. இஸ்ரேலில் வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தார் எண்ணூறு பேருக்கு இந்தக் கருவியைப் பொருத்தி, ஒரே ரொட்டி ஒருவருக்கு ஒருவிதமாகவும் மற்றவருக்கு வேறுவிதமாகவும் ஏறுவதைக் கண்டு 2015-இல் எழுதிய கட்டுரையின் சாரம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே அரங்கேறிவிட்டது. கோடு என்கிற அளவில் யந்திரம் ஒரு நல்ல ஆசான்.

விபரீதம் கோட்டுக்கு மேலே இருக்கிறது. யந்திரத்தோடு வரும் மொபைல் செயலியின் தலைப்பில், ஒவ்வொரு ஆகாரத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண், பச்சை மஞ்சள் சிவப்பு வட்டத்துக்குள் பிரகாசிக்கிறது. நாள் முடிவில் அவற்றைக் கூட்டிக் கழித்து நாளைக்கே ஒரு மதிப்பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு உளுந்து வடையும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டேன். எண்ணெய் சொட்டச் சொட்ட, நடுவிலே ஓட்டையும் ஓரத்திலே மொறுமொறுப்புமாக, மிளகு அங்கங்கே பல்லில் இடற, சாஸ்திரோக்தமான வடை. கோடு 120-ஐக்கூட எட்டவில்லை. செயலி உற்சாகம் தாங்காமல் தொண்ணூறு மதிப்பெண் கொடுத்து, திரை முழுதும் வண்ணக் காகிதத் துணுக்குகளைப் பறக்கவிட்டது. மறுநாள் அதே வேளையில், உடம்புக்கு நல்லதென்று பப்பாளித் துண்டுகள் ஒரு கிண்ணம். கோடு 150-ஐத் தாண்டிற்று, மதிப்பெண் ஐம்பத்திரண்டு, வட்டம் சிவப்பு, 'அடுத்த முறை இதைவிட நல்ல தேர்வைச் செய்யலாமே' என்று ஓர் உபதேசம்.

இதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "ஏங்க, அப்போ நாளையிலேர்ந்து மூணு வேளையும் வடையே சுட்டுப் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். கேள்வியில் இருந்த தர்க்கத்துக்குச் செயலியிடம் பதில் கிடையாது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. உளுந்தில் புரதம் அதிகம், மாவுச்சத்து அரிசியைவிடக் குறைவு. எண்ணெயோ இரைப்பையிலிருந்து ஆகாரம் கீழே இறங்கும் வேகத்தைத் தடுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே சர்க்கரை துளித்துளியாகத்தான் ரத்தத்துக்கு வந்துசேர்கிறது, கோடும் சாதுவாகக் கிடக்கிறது. அந்த எண்ணெய் ரத்தக்குழாய்க்குள் என்ன செய்கிறது என்பது புஜத்திலிருக்கும் இழைக்கு எட்டாத விஷயம். கொழுப்பை அது அறியாது, உப்பை அறியாது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அதன் சந்நிதியில் நிரபராதிகள். பழத்திலிருக்கும் நார்ச்சத்துக்கும் விட்டமின்களுக்கும் அங்கே கணக்கே கிடையாது. இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல, மாலைவேளையில் கொஞ்சம் பிராந்தி அருந்தும் வழக்கமுள்ள நண்பர் ஒருவர், அந்த நாட்களில்தான் தமக்கு மதிப்பெண் அதிகம் வருகிறது என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். வராமல் என்ன செய்யும்? மதுவைச் சுத்திகரிக்கும் வேலையில் ஈரல் மூழ்கிவிட்டால் அது வழக்கமாகச் சர்க்கரை உண்டாக்கி ரத்தத்தில் விடும் வேலை தடைப்படும்; கோடு தாழும்; செயலி சபாஷ் போடும். அவருடைய ஈரலின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

தராசுக்கு எடை மட்டும் தெரிந்தால் போதும்; தராசு தன்னை மதிப்பீட்டாளன் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒரே ஒரு வஸ்துவை, அதையும் வெகு திறமையாக, அளக்கத் தெரிந்த இந்தக் கருவியைக்கொண்டு 'நல்ல உணவு', 'கெட்ட உணவு' என்று தீர்ப்பெழுதத் துணிந்தது அதைச் செய்த பொறியியலாளர்களின் காரியமாக இராது என்றே எண்ணுகிறேன். மாதாமாதம் சந்தா வசூலிக்க வேண்டிய அவசியத்திலிருந்து பிறந்த யோசனை அது. ஏறி இறங்கும் கோட்டை ஒரு வாரம் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும், பிறகு திரையைத் திறக்கமாட்டோம். மதிப்பெண்ணோ நம்மைப் பள்ளிக்கூடப் பிள்ளையாக்கி, நாள்தோறும் வாத்தியார் முன்னால் நிறுத்திவிடுகிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. சர்க்கரை வியாதியே இல்லாத திடகாத்திரர்களுக்கும் சாப்பாட்டுக்குப்பின் 140-ஐத் தாண்டுவது இயற்கை. அத்தகையவர்களுக்கு இந்தக் கருவியை அணிவித்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், நாளொன்றுக்கு அரைமணி நேரம்போல அவர்கள் அந்த எல்லைக்கு மேலேதான் இருந்தார்கள். எங்கள் செயலிக்கு அந்த அரைமணி நேரமும் குற்றம். திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் வெறும் வயிற்றோடு, போட்டி போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஏறிய ஒரு காலைவேளையில் கோடு விர்ரென்று எழும்பிற்று. கடுமையாக மூச்சு வாங்குகிறபோது ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை அவிழ்த்துவிடுவது தேக தர்மம். உச்சிப்பிள்ளையார் சந்நிதியில் நின்றுகொண்டிருந்தபோது, 'இப்போது என்ன சாப்பிட்டீர்கள்? பதிவு செய்யுங்கள்' என்று சட்டைப்பையிலிருந்து விசாரணை வந்தது.

பதிவு செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயலியின் மனத்தில் சாப்பாடு என்பது ஒரு தட்டு, தட்டில் ஒரு பண்டம். குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று ஒரே உட்காருகையில் மூன்று கட்டங்களாக நடக்கும் ஒரு வைபவத்தை அதற்கு விளங்கவைக்க நான் செய்த பிரயத்தனங்கள் வீணாயின. தனித்தனியே எழுதினால் மூன்று வேளை சாப்பிட்டதாகக் கணக்கு; சேர்த்து எழுதினால் 'கறியும் சோறும், இரண்டு கிண்ணம்'. கிண்ணத்தில் சோறு அளந்து தின்றவர் நம் ஊரில் யார்? படம் பிடித்தாலே போதும், செயற்கை நுண்ணறிவு கண்டுகொள்ளும் என்கிறார்கள். இடியாப்பத்தை அது நூடுல்ஸ் என்று கண்டுகொண்டது. முழு இலைச் சாப்பாட்டைப் படம் பிடித்துக் காட்டியபோது நெடுநேரம் சுழன்றுவிட்டு 'சாலட்' என்றது. அநேகமாக இலையின் பசுமைதான் அதன் கண்ணை மறைத்திருக்க வேண்டும்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும் வழக்கமுள்ளவர்கள் வட்டை வலப்புஜத்தில் ஒட்டிக்கொள்வது உத்தமம். உடம்பின் பாரம் புஜத்தை நசுக்கினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குன்றி, சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விட்டதாக யந்திரம் நம்பிவிடும். நடுநிசியில் மொபைல் அலறும். வியாதிக்காரருக்கு உயிர்காக்கும் அதே அலறல், மற்றவர்களுக்கு வீட்டாரின் வசவு. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளாதவர்கள் அதை அணைத்துவைக்கலாம். அணைக்கும் இடம் அமைப்புகளின் நாலாவது அடுக்கில் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது சென்சார் முடிந்ததும் என் டாக்டரிடம் மொபைலைக் கொடுத்தேன். அவர் மதிப்பெண்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோட்டை மட்டும் இரண்டு விரலால் அகலப்படுத்தி, இரவு பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் அது இறங்காமல் பீடபூமியாக நிற்கும் இடத்தில் நிறுத்தி, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க சார்?" என்று கேட்டார். ஒன்பதரை என்றேன். "ஏழரைக்கு முடிச்சுடுங்க, மிச்சத்தை மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று சொல்லி, கொழுப்புக்கும் உப்புக்கும் தனியே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். செயலி இத்தனை வாரங்களில் நூற்றுக்கணக்கான உபதேசங்கள் செய்தது. இந்த ஒரு கேள்வியை அது கேட்கவேயில்லை.

ஆகவே, யார் வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் இது: எல்லைக்கோட்டில் நிற்பவர்களும், புதிதாக வியாதி கண்டவர்களும், வருஷத்துக்கு ஒரு சென்சார், டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொண்டால் கொடுத்த சில ஆயிரங்கள் வீண்போகாது. இருபத்தைந்து வயதில் ஓடியாடித் திரிகிறவர்கள் அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளட்டும். தோலைத் துளைக்காமலே சர்க்கரையைச் சொல்லிவிடுவதாகச் சந்தையில் மலிவாக உலவும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் யாருமே நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட எதற்கும் தன் அனுமதி இல்லையென்று எப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் பகிரங்கமாகவே எச்சரித்திருக்கிறது.

சென்சாரை நான் மறுபடியும் வாங்குவேன், சந்தாவைப் புதுப்பிக்கமாட்டேன். மதிப்பெண்ணை மறைத்துவிட்டுக் கோட்டை மட்டும் காட்ட வழியுண்டா என்று கம்பெனிக்கு விநயமாக ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த நிமிஷமே பதில் வந்தது: என் மேலான கருத்துக்கு நன்றி, அது உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, இந்த வாரத்துக்குள் வருஷச் சந்தா கட்டினால் இருபது சதவிகிதம் தள்ளுபடி.