நொக்ஸ் கண்ட கண்டி

கண்டி இராச்சியத்தைப் பற்றி எழுதும் எவரும் ரொபர்ட் நொக்ஸ் 1681இல் இலண்டனில் அச்சேற்றிய இலங்கை வரலாற்று நூலைத் தவிர்க்க முடியாது. 1660இல் பிடிபட்டு, 1679இல் அரிப்பு வழியாகத் தப்பியவர் அவர். மலைகளையும் ஒடுங்கிய கணவாய்களையும் முட்கதவுகளையும் அவர் விவரிக்கையில் ஒரு கைதியின் கண்தான் பேசுகிறது. சீகிரியாக் குன்றேறித் தெற்கே பார்த்தால் தெரிகிற அதே மலைப்பக்கம் எங்கட மூதாதையருக்கோ அடைக்கலம். 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டிய சோனகருக்குச் செனரத் மன்னன் இடம் கொடுத்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. கண்டியிலிருந்த சோனகர் பள்ளிவாசலுக்குக் காணிக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பணம் கொடுக்க வேண்டுமென முன்னைய மன்னனொருவன் விதித்திருந்தானாம். வீடு பூட்டிக் கிடந்தால் உடைத்து, அந்தப் பெறுமதிக்குப் பொருள் எடுக்கலாமாம். இதைத் தருமம் பற்றிப் பேசுமிடத்தில் வைத்து, வந்தவர்களைப் பிச்சைக்காரர் என்கிறார் நொக்ஸ். கதவுடைக்க அதிகாரமுள்ளவன் என்ன பிச்சைக்காரன்? அது வரி. நொக்ஸ் இந்த இடத்தில் சறுக்கிவிட்டார்.

நம்மவர்கள் இந்தச் சலுகையைப் பெருமையாகச் சொல்லும்போது அடுத்த செய்தியையும் சேர்த்தே சொல்ல வேணும். தொலஸ்பாகையார் வசூலிக்க வந்தவர்களை அடித்து விரட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தண்டனையல்ல, விலக்கு. 1766 ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போன பின்னும், உப்பும் கருவாடும் ஏற்றித் தவளம் ஓட்டிய சோனகர் அப்படிப்பட்ட ஊர்களிலும் மாட்டை அவிழ்த்து இராத்தங்கத்தான் வேண்டியிருந்தது.