ஹீரோவுக்குப் பின்னால் நிற்கும் சுவர்

2005-ல் 'சிவகாசி' என்று ஒரு படம் வந்தது. விஜய் நடித்தது. ஊரைப் பார்க்கலாம் என்று போனவர்கள் ஏமாந்திருப்பார்கள். அதில் சிவகாசி என்பது ஹீரோவின் பெயர்!

சினிமாவில் ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் ஹீரோவை விட்டுவிட்டு, அவர் பின்னால் நிற்கும் சுவரைப் பார்க்க வேண்டும். தாம் ஆண்டர்சன் என்ற அமெரிக்கர் இதையே வேலையாக வைத்துக்கொண்டார். பழைய படங்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை சினிமா எப்படிக் காட்டியது என்று 2003-ல் கிட்டத்தட்ட மூன்று மணி நேர டாகுமென்டரி எடுத்தார். எப்போதோ இடித்துத் தள்ளிய பங்கர் ஹில் வீடுகள் அதில் இன்னும் நிற்கின்றன.

நம் பக்கம் யாராவது இப்படிக் கிளம்பினால் 'வெயில்' (2006) படத்திலிருந்து தொடங்கலாம். வசந்தபாலன் விருதுநகர்க்காரர். விளம்பரக் கம்பெனிப் போட்டி, வெட்டுக்குத்து எல்லாம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால், பசுபதி ஆபரேட்டராக இருக்கும் அந்த தியேட்டர்! வீட்டைவிட்டு ஓடி வந்த பையனுக்கு அதுதான் வீடு, அதுதான் சோறு. அதை இடித்துவிடுகிறார்கள். கதைக்காக இடித்ததுதான். ஆனாலும், ஊருக்கு ஊர் நடந்தது அதுதானே? மதுரையில் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. 'சுப்ரமணியபுரம்' (2008) அதே மதுரையின் 1980-ம் வருடத்தைத் திரும்பக் கட்டிக் காட்டியது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டிக் காட்டுவது வேறு, இருந்ததைப் பிடித்து வைப்பது வேறு.

அப்படி யாரும் சரியாகப் பிடித்து வைக்காத கட்டடம் ஒன்று சிவகாசிப் பக்கம் உண்டு. பட்டாசு ஆலை. ஆலை என்றதும் புகைபோக்கியோடு பெரிய கட்டடத்தைத் தேடாதீர்கள். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளி சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவக் கூடாது, அதற்குத்தான் அந்த இடைவெளி. ஒன்றுக்கு மேல் வாசல், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. மருந்து வேலை நடக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓடித் தப்பிப்பதை மனசில் வைத்தே கட்டின கட்டடம் வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

தீபாவளிக்கு தீபாவளி ரிலீஸ் ஆகும் நம் சினிமா, தீபாவளி தயாராகும் இந்த அறைகளுக்குள் போனது அபூர்வம். கேமராவோடு இந்தப் பக்கம் வந்தவர் சலம் பென்னூர்கர். 1990-ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' எடுத்தார். அவர் வந்தது கட்டடத்துக்காக இல்லை, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேலை பார்த்த பிள்ளைகளுக்காக. அவர்களோடு சேர்ந்து அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும் பதிவானது.

மற்றபடி இந்த அறைகளை நாம் டி.வி. நியூஸில்தான் பார்க்கிறோம், அதுவும் வெடித்த பிறகு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திரையில் கருகிய சுவர், கூரையில்லாத அறை. அது முழுசாக நின்றபோது எப்படி இருந்தது, உள்ளே இருந்தவர்களுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பது அந்தப் படங்களில் இல்லை.