மருந்தில்லா வைத்தியத்துக்கும் அளவு உண்டு

"மருந்தே வேண்டாம், மூணு மாசத்துல நீர்க்கட்டி கரைஞ்சிடும்." பிசிஓஎஸ் பற்றித் தமிழில் தேடியவர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமானதுதான். சொல்பவர் யோகா ஆசிரியராக இருக்கலாம், அக்குபங்சர் செய்பவராக இருக்கலாம், கழற்சிக்காய்ப் பொடி விற்பவராகவும் இருக்கலாம். முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு, யாருக்கு என்பதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப் போகிறேன்.

முதலில் "கரையும்" என்ற சொல். தமிழில் நாம் இதைக் கர்ப்பப்பை நீர்க்கட்டி என்கிறோம். இரண்டுமே சரியில்லை. இடம் கர்ப்பப்பை அல்ல, சினைப்பை. ஸ்கேனில் தெரிவதும் கட்டி அல்ல. முழுசாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். எல்லாப் பெண்களுக்கும் அந்தப் பைகள் உண்டு, இவர்களுக்கு அதிகம், அவ்வளவுதான். ஆண்தன்மை ஹார்மோன்கள் கூடுவதும், பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததும்தான் அடியில் இருக்கும் சங்கதி. "கட்டி" என்று பெயர் வைத்துவிட்டதால் "கரைக்கிறேன்" என்று சொல்பவருக்கு வேலை சுலபமாகிவிட்டது.

அடுத்தது "மருந்தே வேண்டாம்". கழற்சிக்காயை மிளகோடு பொடித்து மோரில் கலந்து குடிப்பது நம் ஊரில் பரவலான கைவைத்தியம். எலிகளில் இந்தக் காய் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. அது நிஜமென்றால் அது மருந்துதான். உடம்புக்குள் போய் வேலை செய்கிற எதுவும் மருந்துதானே? பொடியாக இருந்தால் என்ன, மாத்திரையாக இருந்தால் என்ன. எனவே அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வரலாற்றில் இதற்கான முதல் பிரபல சிகிச்சையிலும் மருந்து இல்லை. அது கத்தி. 1935-ல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் 7 பெண்களுக்குச் சினைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மாதவிடாய் ஒழுங்கானது, 2 பேர் கர்ப்பமானார்கள். மருந்து இல்லை என்பதாலேயே ஒரு சிகிச்சை சாதுவானதாகிவிடாது என்பதற்கு இது போதும்.

அக்குபங்சருக்கு வருவோம். தமிழ்நாட்டில் இதற்குக் கூட்டம் அதிகம். 2017-ல் சீனாவில் 1000 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்குப் பேருக்கு ஊசி. கூடவே சிலருக்கு குளோமிபீன் மாத்திரை, சிலருக்கு வெற்று மாத்திரை. குளோமிபீன் எடுத்தவர்களில் நிஜ ஊசிக் குழுவில் 29 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, பேருக்கு ஊசிக் குழுவில் 28. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நிஜ ஊசிக்கு 14, பேருக்கு ஊசிக்கு 17. கூடுதல் பலன் தந்தது மாத்திரை, ஊசி அல்ல. அக்குபங்சரின் சொந்த மண்ணிலேயே வந்த முடிவு இது.

யோகாவின் கதை இதைவிட நல்லது. எனக்கு முக்கியமாகப் படுவது ஆந்திராவில் அனந்தபூரில் நடந்த ஆய்வு. ராம் நிதி, பத்மலதா, நாகரத்னா, அம்ரிதான்ஷு ஆகியோர் செய்தது. 2012, 2013-ல் கட்டுரைகளாக வெளிவந்தது. 15 முதல் 18 வயதுவரை உள்ள 90 மாணவிகள். குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஒரு குழுவுக்குத் தினமும் 1 மணி நேரம் ஆசனம், மூச்சுப்பயிற்சி, தியானம், ஆலோசனை. இன்னொரு குழுவுக்கு அதே 1 மணி நேரம் சாதாரண உடற்பயிற்சி. மொத்தம் 12 வாரம். முடிவில் யோகா குழுவில் டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., ஏ.எம்.ஹெச். ஆகிய ஹார்மோன்கள் கூடுதலாகக் குறைந்தன. இன்சுலின் அளவும் தேறியது. மாதவிடாயும் முன்பைவிட ஒழுங்காக வந்தது. எடையில் மட்டும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

இந்தக் கடைசி வரி பொன்னானது. "முதல்ல எடையக் குறை, அப்புறம் பேசலாம்" என்று விரட்டப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. எடை அசையாவிட்டாலும் உள்ளே மாற்றம் நடக்கலாம் என்கிறது இந்த ஆய்வு.

ஆனால் விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொள்ளாத வரிகளும் உண்டு. இது பள்ளி முடிக்கும் வயதுப் பெண்களிடம் நடந்தது. 30 வயதில் குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. தாங்கள் செய்வது யோகா என்று அந்த மாணவிகளுக்குத் தெரியும். வெற்று மாத்திரை போல வெற்று யோகா கொடுக்க முடியாது. ஆய்வில் யோகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களே முன்னின்றார்கள். அளந்தது 12 வாரத்தை. "குணமாகிவிட்டது" என்று அதில் யாரும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த மாணவிகள் தங்கிப் படிக்கும் கல்லூரியில் இருந்தவர்கள். சமைக்க வேண்டாம், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், மணி அடித்தால் வகுப்புக்குப் போய் நின்றால் போதும். அந்த 1 மணி நேரத்தை ஒரு நிறுவனம் அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது. மருந்துக்கு மில்லிகிராம் எப்படியோ, இந்த வைத்தியத்துக்கு நேரமும் இடமும் அப்படி. அதுதான் டோஸ். "யோகா பண்ணும்மா" என்று வாயால் சொல்லி அனுப்புவது சீட்டில் மருந்தின் பெயரை மட்டும் எழுதி அளவை எழுதாமல் விடுவது போல.

இதை ஒரு நிஜ ஊரில் வைத்துப் பார்ப்போம். சென்னையின் வடக்கு ஓரத்தில், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது நெட்டுக்குப்பம். மீனவர் ஊர். சுற்றி அனல்மின் நிலையங்கள், துறைமுகம், ஆலைகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்தது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பக்கத்துப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இந்த ஊர்ப் பெண்ணிடம் "காலையில காத்தோட்டமா ஒரு நடை போங்க" என்றால் அவர் எந்தக் காற்றில் நடப்பார்?

அவர் மீன் விற்பவர் என்றால், விடியுமுன் எழுந்து கூடை சுமந்து தெருத் தெருவாகப் போகிறவர். 2023-ல் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்கிறது. வேலையில் நடப்பதும் அதில் சேர்த்திதான். அவருக்கு அந்தக் கணக்கு எப்போதோ தாண்டியிருக்கும். அவருக்கு வேண்டியது தூக்கமும் ஓய்வும். அவர் மகள் கதை வேறு: பஸ், கல்லூரி, டியூஷன், செல்போன் என்று உட்கார்ந்தே போகிறது நாள். பதின்வயதினருக்கு அதே வழிகாட்டுதல் தினமும் 60 நிமிடம் என்கிறது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே சீட்டு எழுத முடியாது.

சாப்பாட்டு விஷயத்தில் அந்த வழிகாட்டுதல் சொல்வது நம் மக்களுக்கு ஆறுதல். குறிப்பிட்ட ஒரு உணவு முறை மற்றதைவிட உசத்தி என்று காட்ட ஆதாரம் இல்லை. ஆகவே விலை கூடின சியா விதை, கீட்டோ பேக்கேஜ் எதுவும் கட்டாயமில்லை. நெத்திலிக் குழம்பு இருக்கிற வீட்டில் புரதம் இருக்கிறது. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, காயைக் கூட்டி, கூல்டிரிங்ஸை விட்டால் அதுவே நல்ல தொடக்கம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? அனந்தபூர் ஆய்வைச் சரியாகப் படித்தால் அதன் பாடம் பள்ளிகளுக்குத்தான். யோகாவுக்கு மைதானம் வேண்டாம், சுத்தமான கடற்கரை வேண்டாம். ஒரு ஹால் போதும், சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்ளும் பி.டி. பீரியடைப் பெண்பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தாலே பாதி டோஸ் வந்துவிடும். பிசிஓஎஸ் இல்லாத பிள்ளைக்கும் அதனால் நஷ்டமில்லை.

இன்னொரு மருந்தில்லா வைத்தியமும் ஊரில் இருக்கிறது: "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்." ஆகாது. கல்யாணத்துக்கு அப்புறம் அதே பிரச்சனை "ஏன் இன்னும் விசேஷம் இல்லை" என்ற கேள்வியாக மாறும், அவ்வளவே.

கடைசியாக, இதை மட்டும் மறக்காதீர்கள். முட்டை வெளிவராமல் மாதவிடாய் தள்ளிக்கொண்டே போனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படி விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. 90 நாளுக்கு மேல் வரவில்லையென்றால் யோகா செய்துகொண்டிருந்தாலும் சரி, மருத்துவரைப் பாருங்கள். அவர் மாதவிடாய் வரவழைக்கச் சில நாள் மாத்திரை கொடுத்தால் அது யோகா தோற்றதாக அர்த்தமில்லை. இரண்டும் ஒரே உடம்புக்குத்தான். "மாத்திரையை நிறுத்தினால்தான் என் வைத்தியம் வேலை செய்யும்" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வாரம்? எதை அளந்து பார்ப்பீர்கள்? பலிக்கவில்லை என்றால் எப்போது என்னை டாக்டரிடம் அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் போகாதீர்கள்.